அப்பாவுக்கு 72 வயது, கீழ்க் கடவாய்ப்பற்கள் இல்லை. நாலு இம்ப்ளாண்ட் வைத்தே ஆக வேண்டுமா?

மேலூர் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 72 வயது. கீழே இரண்டு பக்கமும் கடைசிக் கடவாய்ப்பற்கள் போய்ச் சில வருஷமாகிறது. முன்பற்களும் அதை ஒட்டிய சின்னக் கடவாய்ப்பற்களும் இருக்கின்றன, மேலே வலது பக்கம் கடைசியில் இரண்டு இல்லை. சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு கிளினிக்கில் ஒரு மாசத்துக்குள் நாலு இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கிற டைட்டானியம் வேரின் மேல் கட்டுகிற பல், வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சப் பல்லும் விழுந்துவிடும், ஞாபக மறதியும் வரும் என்று சொல்லி ஒன்றரை லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொருவர் கழற்றி மாட்டுகிற பல்செட்டே போதும் என்கிறார். அம்மாவுக்குச் செய்த செட்டோ டப்பாவிலேயே கிடக்கிறது. அப்பா "எனக்கு ஒண்ணும் வேணாம், நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்கிறார். இம்ப்ளாண்டா செட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தபோது எனக்குப் புரிந்தது இதுதான்: அப்பா சொல்கிறபடி அப்படியே விட்டுவிட்டால், பிள்ளைகள் காசுக்குப் பார்த்துக் கவனிக்காமல் விட்டதாக ஆகிவிடுமா என்ற பயம் உங்களுக்கு.

நான் செயற்கைப் பல் கட்டும் பிரிவில் எம்.டி.எஸ். படித்தவன், மதுரையைச் சுற்றித்தான் வேலை. வாயைப் பார்க்காமல் யாருக்கும் சிகிச்சை முடிவு சொல்லக்கூடாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எது உறுதியான விஷயம், எது பயமுறுத்தல் என்று சொல்ல முடியும்.

முதலில் பயத்தை எடுத்துவிடுகிறேன். கடைசிக் கடவாய்ப்பற்கள் இல்லாமல் வாழ்வது என்பது நோய் அல்ல, அப்படியே விடுவதும் பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒரு சிகிச்சை முடிவுதான். நெதர்லாந்தில் நெய்மேகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்ன்ட் கைசர் என்ற பேராசிரியர் 1981-ல் இதை எழுதினார். முன்பற்கள் முழுக்க இருந்து, அதை அடுத்த சின்னக் கடவாய்ப்பற்கள் மேலும் கீழும் ஒன்றோடு ஒன்று முட்டினால், பெரிய கடவாய்ப்பற்கள் இல்லாமலேயே பெரும்பாலானவர்களின் வாய் தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்பது அவர் கண்டது. எண்ணிப் பார்த்தால் மேலே பத்து, கீழே பத்து, மொத்தம் இருபது பல். உலக சுகாதார நிறுவனம் 1992-ல் ஆயுள் முழுக்கக் காப்பாற்ற வேண்டிய அளவாகச் சொன்னதும் இதே இருபதுதான். ஜப்பானில் 1989-லிருந்து 80 வயதில் 20 பல் என்று ஒரு இயக்கமே நடத்துகிறார்கள். முப்பத்திரண்டையும் காப்பாற்று, போனதையெல்லாம் திரும்ப வை என்று யாரும் இலக்கு வைக்கவில்லை.

உங்கள் அப்பாவுக்குக் கீழே பத்துப் பல் உறுதியாக இருந்து, மேலே உள்ளவற்றோடு சரியாக முட்டுகிறது என்றால், அவர் இந்த இடத்தில்தான் நிற்கிறார். 'முட்டுகிறது' என்பதுதான் இதில் முக்கியம். பல் இருப்பது வேறு, ஜோடி சேர்வது வேறு. நாங்கள் இதைப் பார்க்க ஒரு நீலக் காகிதம் வைத்திருப்போம், பட்டுப்போல மெல்லிசாக இருக்கும். பல்லைத் துடைத்து உலர்த்திவிட்டு, காகிதத்தைப் பற்களுக்கு நடுவே வைத்து "நல்லாக் கடிங்கய்யா" என்றால், எந்தெந்தப் பல் எதிர்ப்பல்லோடு சேர்கிறதோ அங்கே நீலப் புள்ளி விழும். சிலருக்கு வாய் நிறையப் பல் இருக்கும், புள்ளி நாலு இடத்தில்தான் விழும். சிலருக்குப் பதினெட்டுப் பல்தான் இருக்கும், இரண்டு பக்கமும் வரிசையாகப் புள்ளி விழும், அவர் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு எலும்பையும் உறிஞ்சிவிட்டு வருவார். அப்பாவைக் கூட்டிப்போகும்போது இந்தப் புள்ளியை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை. எத்தனை பல் வைக்க வேண்டும் என்ற பேச்சு அதற்கு அப்புறம் வரட்டும்.

இனி அந்தக் கிளினிக்கில் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடவாய்ப்பல் வைக்காவிட்டால் மற்ற பற்களும் விழுந்துவிடும் என்பது. ஜெர்மனியில் பல நகரங்களில் சேர்ந்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஒரு தாடையில் பெரிய கடவாய்ப்பற்கள் எதுவும் இல்லாதவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கழற்றும் செட்டால் கடவாய்ப்பல் வரை கட்டினார்கள், மறுபாதிக்குச் சின்னக் கடவாய்ப்பல்லோடு நிறுத்திவிட்டார்கள். பத்து வருஷம் வரை பின்தொடர்ந்து பார்த்ததில், பல் விழுவதில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. அயர்லாந்தில் கார்க் நகரத்தில் 65 வயதைத் தாண்டியவர்களிடமே இதேபோலச் செய்தார்கள். கழற்றும் செட்டு வாங்கியவர்களைவிட, இருபது பல் அளவுக்கு மட்டும், பக்கத்துப் பல்லில் ஒட்டுகிற சின்ன பிரிட்ஜ் வைத்துக்கொண்டவர்கள் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள், செலவும் குறைவு. ஆக, "வைக்காவிட்டால் எல்லாம் விழும்" என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. பல் விழுவதற்கு நம் ஊரில் நான் பார்க்கிற காரணங்கள் ஈறு நோயும், வேர்ப்பக்கச் சொத்தையும், புகையிலையும், கட்டுப்படாத சர்க்கரையும்தான்.

எதிரே பல் இல்லாவிட்டால் மேல்பல் இறங்கிவிடும் என்று சொல்லியிருப்பார்கள். அது நிஜம், கொஞ்சம் இறங்கும். ஆனால் பெரும்பாலும் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான், அதுவும் பல் எடுத்த முதல் சில வருஷங்களில்தான் அதிகம் நகரும். அப்பாவுக்குப் பல் போய் வருஷக்கணக்காகிறது, நகர வேண்டியது அநேகமாக நகர்ந்து முடிந்திருக்கும். எலும்பு கரைவதும் இதேபோலத்தான், எடுத்த முதல் வருஷம் வேகமாகக் கரைந்து அப்புறம் மெதுவாகிவிடும். "ஒரு மாசத்துக்குள்" என்று கெடு வைக்க இவருடைய வாயில் எந்த அவசரமும் இல்லை.

ஞாபக மறதி. இது எனக்கே கோபம் வருகிற இடம். பல் குறைவாக இருக்கும் வயதானவர்களிடம் மறதி நோய் அதிகமாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் இருப்பது உண்மை. ஆனால் வறுமை, சர்க்கரை, புகைபிடித்தல், படிப்பில்லாமை ஆகிய எல்லாமே இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். மறதி வரத் தொடங்கியவர் பல் துலக்குவதையும் மறக்கிறார், அதனாலும் பல் போகிறது. பல் போனதால் மறதி வந்தது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை, இம்ப்ளாண்ட் வைத்தால் மறதி வராது என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. 72 வயதுக்காரரின் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பணம் கட்ட வைப்பது சரியல்ல. தாடை மூட்டு தேய்ந்துவிடும் என்பதும் இதே மாதிரிதான், கடவாய்ப்பல் இல்லாததால் மூட்டுவலி வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

நம் பக்கத்தில் இன்னொன்றும் சொல்வார்கள், மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று. உங்கள் அப்பாவும் அதனால்தான் மேலே ஆடிக்கொண்டிருக்கும் பல்லை விட்டுவைத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சரி, சாப்பாடும் செரிமானமும்? இதுதான் வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிற விஷயம். 1950-களில் இங்கிலாந்தில் ஒரு பல் மருத்துவர் வித்தியாசமான ஒரு சோதனை செய்தார். மென்ற உணவையும் மெல்லாத உணவையும் சின்னத் துணிப்பைகளில் கட்டி விழுங்க வைத்து, வெளியே வந்த பைகளைத் திறந்து பார்த்தார். சோறு, மீன், முட்டை, ரொட்டி மெல்லாவிட்டாலும் செரித்திருந்தன. இறைச்சியும் சில காய்களும் மெல்லாதபோது மிச்சம் இருந்தன, கொஞ்சம் மென்றாலே போதுமானதாக இருந்தது. இட்லி, தோசை, குழம்புச் சோறு, கேப்பைக்களி, மீன் என்று சாப்பிடுகிற நம் ஊர்ப் பெரியவருக்கு, செரிமானத்துக்காக மட்டும் கடவாய்ப்பல் கட்டத் தேவையில்லை. ஆட்டுக்கறியைக் கொஞ்சம் சின்னத் துண்டாகப் போட்டு நன்றாக வேகவைத்தால் போதும். பல் கட்டியதால் மட்டும் வயதானவர்கள் காய்கறி, பழம் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்குவதும் இல்லை, எதைச் சாப்பிடுவது என்ற பேச்சும் கூடவே நடந்தால்தான் சாப்பாடு மாறுகிறது.

ஆனால் "நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நம் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று பொய் சொல்வார்கள். ஒரு வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். மொச்சைக் குழம்பில் மொச்சையை ஒதுக்குகிறாரா? முறுக்கை டீயில் நனைத்துத்தான் சாப்பிடுகிறாரா? முன்னால் விரும்பிச் சாப்பிட்ட சுக்கா வறுவல் தட்டில் வைத்தால் பேரனுக்குத் தள்ளுகிறாரா? கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் இவர் பாதி இலையில் இருக்கிறாரா, அதனாலேயே பந்திக்குப் போவதைத் தவிர்க்கிறாரா? எடை குறைந்திருக்கிறதா? இதில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால் அவருக்குக் குறை இருக்கிறது, அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்போது கட்டுவது நியாயம். எதுவும் இல்லை என்றால் அப்பா சொல்வதுதான் சரி, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

விட்டுவிடலாம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது, அதையும் சொல்ல வேண்டும். ஈறு நோயால் முன்பற்கள் ஆட ஆரம்பித்திருந்தால், பாரம் முழுக்க அவற்றின் மேல் விழுவது நல்லதல்ல. பல்லைக் கடித்துக் கடித்து ஏற்கனவே பாதி தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு பக்கம் சின்னக் கடவாய்ப்பற்களும் இல்லாமல் கோரைப்பல்லோடு நின்றுவிட்டாலும் விடுவது கஷ்டம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேலே முழு செட்டு மாட்டிக்கொண்டு கீழே முன்பல் ஆறு மட்டும் இருப்பவர்கள். இவர்கள் முன்னாலேயே கடித்துக் கடித்து, மேல்தாடையின் முன்பக்க எலும்பு கரைந்து, ஈறு ரப்பர் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும், அப்புறம் எந்தச் செட்டும் நிற்காது. 1972-ல் எல்ஸ்வர்த் கெல்லி என்பவர் இதை விவரித்து எழுதினார், நாங்கள் வாரத்தில் ஒருவரையாவது இப்படிப் பார்க்கிறோம். உங்கள் அம்மாவின் டப்பாவில் இருக்கும் செட்டு எது என்று பாருங்கள். அவர் மேலே முழு செட்டை மாட்டிக்கொண்டு கீழ்ச் செட்டை மட்டும் டப்பாவில் வைத்திருக்கிறார் என்றால், அப்பாவைவிட அம்மாவைத்தான் முதலில் கூட்டிப்போக வேண்டும்.

அம்மாவின் செட்டு ஏன் டப்பாவுக்குப் போனது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அப்பாவுக்குக் கழற்றும் செட்டு செய்தால் அதுவும் அங்கேதான் போக வாய்ப்பு. கீழே இரண்டு பக்கமும் பின்னால் பல்லே இல்லாத வாயில், செட்டின் முன்பாதி பல்லின் மேல் உட்கார்கிறது, பின்பாதி ஈறின் மேல். பல் அழுத்தினால் அசைவதே தெரியாது, ஈறு அதைவிடப் பல மடங்கு அமுங்கும். ஒரு முனையைக் கல் மேலும் மறுமுனையை மெத்தை மேலும் வைத்த பலகை மாதிரி, ஒவ்வொரு கடிக்கும் பின்பக்கம் இறங்கி எழும். அந்த அசைவில் ஈறு புண்ணாகும், கொக்கி மாட்டியிருக்கிற கடைசிப் பல் இழுபடும், கீழே உணவு சேரும். நாக்குக்குக் கீழே கம்பி போவது தொந்தரவாக இருக்கும். பேசும்போது உறுத்தும். இரண்டு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு டப்பாவில் வைத்துவிடுவார்கள். இது அம்மாவின் பிடிவாதம் அல்ல, இந்த வகைச் செட்டைப் பற்றி உலகம் முழுக்க இதே புகார்தான்.

செட்டு செய்தே ஆக வேண்டும் என்றால் உலோகச் சட்டம் வைத்தது செய்யச் சொல்லுங்கள், கோபால்ட் குரோமியத்தில் வார்ப்பது. அதில் பல்லின் மேல் உட்காருகிற சின்ன உலோகத் திண்டு இருக்கும், ஈறுக்குள் புதைந்து போகாது, மெல்லிசாகவும் இருக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் செய்கிற ரோஸ் நிறச் செட்டு விலை குறைவு, ஆனால் தாங்க எதுவும் இல்லாததால் மெல்ல மெல்ல ஈறில் புதைந்து, பல்லின் கழுத்தை அரித்துவிடும். வளையும் செட்டு என்று இப்போது விளம்பரம் செய்கிறார்கள். கம்பி தெரியாது, மாட்ட சுகமாக இருக்கும், முன்பக்கம் ஒன்றிரண்டு பல்லுக்கு நன்றாகவே இருக்கும். பின்பக்கம் இரண்டு பக்கமும் காலியாக இருக்கிற அப்பா மாதிரி வாய்க்கு அது வளைகிறது என்பதே குறை, அப்புறம் ஈறு மாறினால் அதைச் சரிசெய்வதும் சிரமம். எந்தச் செட்டானாலும் ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டியவர்களிடம் செய்த ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு பல், இரண்டு பல் என்று குட்டியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி யாராவது செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தூக்கத்தில் விழுங்கிவிடுவார்கள், மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து.

பிரிட்ஜ் கட்டலாமே என்று உறவில் யாராவது சொல்வார்கள். கடவாய்ப்பல் பாரத்தைத் தாங்குகிற பிரிட்ஜுக்குப் பொதுவாக இரண்டு கரையிலும் தாங்கும் பல் வேண்டும். அப்பாவுக்குப் பின்கரை இல்லை. முன்னால் இருக்கும் நல்ல பற்கள் இரண்டை ராவி, அவற்றிலிருந்து பின்னால் தொங்கவிட்டுப் பெரிய கடவாய்ப்பல் கட்டினால், கொஞ்ச வருஷத்தில் தாங்கிய பல்லே முறிந்து வரலாம். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் பட்டம் இல்லாத ஆட்கள் "ஒரே நாளில் நிரந்தரப் பல்" கட்டிக் கொடுக்கிறார்கள். வாய்க்குள்ளேயே இறுகுகிற பிளாஸ்டிக்கைக் குழைத்து, பல்லை அதில் பதித்து, பக்கத்துப் பற்களில் மெல்லிய கம்பியைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். கழற்ற முடியாது, அதனால் வாங்குகிறவருக்கு நிரந்தரம் என்று தோன்றும். அந்தக் கம்பியை வெட்டி எடுக்கும்போது வருகிற வாடையை நான் விவரிக்க விரும்பவில்லை. பிளாஸ்டிக்குக்கு அடியில் மாசக்கணக்கில் அழுகிய சோறு, ஈறு சிவந்து வீங்கி மேலே வளர்ந்திருக்கும், கம்பி கட்டிய நல்ல பல் இரண்டும் கையால் தொட்டாலே ஆடும். ஒரு பல் கட்டப் போய் மூன்று பல்லை இழந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை, பெரும்பாலும் அவர்கள் கூலி வேலைக்காரர்கள், அந்தக் காசைச் சேர்க்கவே சிரமப்பட்டிருப்பார்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. மதுரையைச் சுற்றி இருக்கிற பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் செய்கிறார்கள். நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும், ஆனால் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறையும்.

இப்போது இம்ப்ளாண்ட். நான் இம்ப்ளாண்டுக்கு எதிரி இல்லை, நானே வைக்கிறேன். வாய்க்கும் ஆளுக்கும் பொருந்தினால் இதைவிட நல்ல மாற்றுப் பல் இல்லை, பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம், கழற்ற வேண்டாம், நல்ல கவனிப்பில் பத்து வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் நிலைத்து நிற்கின்றன. வயது மட்டும் தடையே இல்லை, எண்பது வயதிலும் எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டத்தான் செய்கிறது. தடை வேறு இடங்களில் இருக்கிறது. கீழ்த்தாடையில் பின்பக்கம் எலும்புக்குள் உதட்டுக்கு உணர்வு தருகிற நரம்பு ஓடுகிறது. எலும்பு கரைந்து உயரம் குறைந்த வாயில் அந்த நரம்புக்கு மேல் இரண்டு மில்லிமீட்டராவது விட்டு வைக்க இடம் இருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கேன், சி.பி.சி.டி. என்பார்கள், எடுத்துப் பார்த்தே தீர வேண்டும். அது எடுக்காமல் விலைப்பட்டியல் கொடுத்திருந்தால் அந்தப் பட்டியலுக்கு அர்த்தம் இல்லை. நரம்பு பட்டால் பாதி உதடு மரத்தே போய்விடலாம், டீ குடித்தால் வழிவதுகூடத் தெரியாது.

சர்க்கரைக்கு, மூன்று மாதச் சராசரி சொல்கிற எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைப் பார்க்காமல் நான் தொடமாட்டேன். அது 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாகச் செய்வேன், 8-ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். எங்கே கோடு போடுவது என்பதில் மருத்துவர்களுக்குள் வித்தியாசம் உண்டு, இது என்னுடைய கோடு. ஸ்டென்டுக்கான மாத்திரையைப் பற்றி ஒன்றே ஒன்று, யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்குவதால் வரும் ரத்தத்தைப் பஞ்சும் தையலும் வைத்து நிறுத்திவிடலாம், மாத்திரையை நிறுத்தி ஸ்டென்டில் அடைப்பு வந்தால் அதை நிறுத்த எங்களால் முடியாது. இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்வதுதான் முறை. அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ கொடுத்திருந்தால் அதையும் பல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த மருந்துகளில் சில, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகச் செய்யலாம். தேய்மானத்துக்குக் கொடுக்கிற அளவில் ஆபத்து குறைவு, புற்றுநோய்க்குக் கொடுக்கிற அளவில் அதிகம்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்து 72 வயதுக்காரர் என்பதால் கேட்கிறேன். அப்பா வெற்றிலை போடுவாரா, அதில் புகையிலை சேர்ப்பாரா? சோழவந்தான் வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை, அதோடு போகிற பாக்கும் புகையிலையும்தான் ஆளைக் கெடுக்கின்றன. பாக்கு பல வருஷம் போட்டவர்களுக்குக் கன்னம் உள்ளே நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துவிடும். மூன்று விரலை நெடுக்காக அடுக்கி உள்ளே விட முடியாவிட்டால், இம்ப்ளாண்ட் வைக்கிற கருவி மட்டுமல்ல, அளவு எடுக்கிற தட்டுகூட உள்ளே போகாது. புகையிலை இருந்தால் இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பும் கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால், கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் பல் பேச்சையே நிறுத்திவிட்டு அதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, அப்பாவின் வாயில் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டும் என்றால் நான் அதை எங்கே போடுவேன் தெரியுமா? இருக்கிற பல்லில். அந்தக் கீழ்ப் பத்துப் பல் போனால் அப்புறம் எந்த இம்ப்ளாண்டும் பழைய மாதிரி ஆக்காது. பல் சுத்தம் செய்து, ஈறின் பள்ளங்களை அளந்து, வேர்ப்பக்கச் சொத்தையை அடைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பலருக்கு எச்சில் குறையும், எச்சில் குறைந்தால் ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேரில் சொத்தை வேகமாக வரும். உமிக்கரி, செங்கல் பொடி, புகையிலைப் பொடி எதுவும் வேண்டாம், ஃப்ளோரைடு இருக்கிற சாதாரண பேஸ்ட், மெத்தென்ற பிரஷ், காலையிலும் படுக்கப் போகும்போதும். அப்பாவின் கை நடுங்கினால் மின்பிரஷ் வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள். ஒன்றரை லட்சத்தில் இதற்கு ஆகிற செலவு ரொம்பச் சின்னப் பங்கு.

இதையெல்லாம் செய்த பிறகும், நான் மேலே சொன்ன மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அவர் மெல்ல சிரமப்படுகிறார் என்று தெரிந்தால், சர்க்கரை கட்டுக்குள் இருந்து, எலும்பும் இருந்து, அவரும் ஆசைப்பட்டால், நாலு தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பக்கத்துக்கு ஒன்று, முதல் பெரிய கடவாய்ப்பல் இருந்த இடத்தில், இரண்டு வைத்தாலே பலருக்குப் போதும். ஏன் நாலு என்று அந்தக் கிளினிக்கில் கேளுங்கள். மேலே வலது பக்கமும் பல் இல்லை என்கிறீர்கள், எதிர்ப்பல் இல்லாத இடத்துக்கு நேர் கீழே இம்ப்ளாண்ட் வைத்து எதைக் கடிப்பார் என்றும் கேளுங்கள். அதற்கு மேலேயும் இரண்டு வைக்கலாம் என்று பதில் வந்தால், மேலே பின்பக்கம் எலும்புக்கு மேல் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது, எலும்பு போதாவிட்டால் அதன் அடித்தளத்தை உயர்த்தி எலும்புத்தூள் வைக்கிற வேலையும் சேரும், கணக்கு இரட்டிப்பாகும். கேள்வி கேட்டால் கோபப்படாமல் ஸ்கேனைத் திரையில் போட்டு விளக்குகிற மருத்துவர் கிடைத்தால் அவரிடமே செய்துகொள்ளுங்கள், அவர் நாலு வேண்டும் என்று சொன்னாலும் காரணம் இருக்கும், நான் வாயைப் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார்.

போகும்போது அப்பா சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பேரைச் சொன்னால் போதாது. ஏற்கனவே எடுத்த பல் எக்ஸ்ரே இருந்தால் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அம்மாவையும் அந்த டப்பாவோடு கூட்டிப் போங்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எந்தெந்தப் பல் இருக்கிறது, எது ஆடுகிறது, நீலப் புள்ளி எத்தனை இடத்தில் விழுந்தது என்று எழுதினால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முயல்கிறேன்.